முதலில் எண்ணட்டும், பிறகு எழுதட்டும்!

(பத்தாம் வகுப்பு மாணவி)

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கிடுவதும் எண்ணுதல்தான். ஒன்றைப் பற்றி மனத்தில் சிந்திப்பதும் எண்ணுதல்தான். கணக்கும் சிந்தனையும் ஒரே சொல்லில் குடியிருப்பது நம் மொழியின் சிறப்பு. கல்வியின் பெருமையைச் சொல்ல வந்த திருவள்ளுவரும் எழுத்துக்கு முன்பாக எண்ணையே வைத்தார். ஆனால் இன்று நம் மழலையர் வகுப்புகள் பலவற்றில் நடப்பது என்ன? எண்ணத் தெரியும் முன்பே எழுதச் சொல்லுகிறோம். சிந்திக்கும் முன்பே ஒப்பிக்கச் சொல்லுகிறோம். இது முறைதானா என்பதைப் பெற்றோரும், ஆசிரியப் பெருமக்களும், மாணவியராகிய நாமும் சேர்ந்து ஆராய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு வயதுக் குழந்தை எல்.கே.ஜி.யில் படிக்கும் எந்த வீட்டிற்கும் மாலை வேளையில் சென்று பாருங்கள். கட்டம் போட்ட நோட்டு விரிந்திருக்கும். 1 முதல் 50 வரை இரண்டு முறை எழுதி வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். பென்சிலைச் சரியாகப் பிடிக்கவும் வலுவில்லாத விரல்கள் அவை. அம்மா கையைப் பிடித்து எழுத வைப்பார். 3 திரும்பி நிற்கும்; 7 மறுபக்கம் பார்க்கும்; ரப்பர் போட்டு அழித்து அழித்துத் தாள் கிழியும்; பிறகு குழந்தை அழும், சில வேளைகளில் அம்மாவுக்கும் அழுகை வந்துவிடும். மறுநாள் அந்தப் பக்கத்தில் ‘வெரி குட்’ விழும். எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அதே குழந்தையிடம், “கண்ணு, ஏழு புளியங்கொட்டை எடுத்துக் கொடு” என்று கேட்டால், கைநிறைய அள்ளிக் கொடுக்கும்! ஐம்பது வரை எழுதிய கைக்கு ஏழு எவ்வளவு என்று தெரியவில்லை. எங்களில் பலருடைய வீட்டுத் தம்பி தங்கையரிடம் நாங்கள் கண்ட உண்மை இது.

அப்படியானால் குழந்தை முட்டாளா? ஒருபோதும் இல்லை. அது கேட்டதைச் சரியாகவே செய்தது. நாம் எழுதக் கேட்டோம், எழுதியது. எண்ணக் கற்றுத் தந்தோமா?

எண்ணுவது என்பது நாம் நினைப்பது போல் அவ்வளவு எளிய செயல் அன்று. ரோஷல் கெல்மன், சார்லஸ் காலிஸ்டல் என்னும் இரு அறிஞர்கள் 1978-இல் எழுதிய நூலில் அதனுள் ஐந்து விதிகள் அடங்கியிருப்பதாக விளக்கினர். முதலாவது, ஒரு பொருளுக்கு ஒரு எண்தான் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டுவிடவும் கூடாது, ஒன்றையே இருமுறை தொடவும் கூடாது. இரண்டாவது, எண்களின் வரிசை எப்போதும் மாறக் கூடாது. மூன்றாவது, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தைக் குறிக்கும். நான்காவது, மிட்டாயானாலும் மணியோசையானாலும் எதையும் எண்ணலாம். ஐந்தாவது, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. இந்த ஐந்தில் மூன்றாவது விதி சிறு குழந்தைகளுக்கு எளிதில் விளங்குவதில்லை. “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு” என்று விரல் வைத்து எண்ணி முடித்த குழந்தையிடம், “மொத்தம் எத்தனை?” என்று கேட்டுப் பாருங்கள். அது மறுபடியும் “ஒண்ணு, ரெண்டு” என்று தொடங்கும்! கடைசியில் சொன்ன ‘அஞ்சு’தான் விடை என்பது அதற்கு இன்னும் விளங்கவில்லை. இவ்வளவு நுட்பமான படியில் அந்தப் பிஞ்சு நின்றுகொண்டிருக்க, நாம் ஐம்பதுக்கும் நூறுக்கும் அதை இழுத்துச் செல்லுகிறோம்.

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே செய்து காட்டிய சோதனையை எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆரஞ்சு மிட்டாய்களை இரண்டு வரிசையாக, வரிசைக்கு ஆறு வீதம், நேருக்கு நேராக அடுக்குங்கள். இரண்டும் சமமா என்று நான்கு வயதுக் குழந்தையைக் கேட்டால், சமம் என்று சொல்லும். பிறகு அதன் கண்ணெதிரிலேயே ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீளமாகப் பரப்புங்கள். இப்போது எதில் அதிகம் என்று கேட்டால், பெரும்பாலான குழந்தைகள் நீண்ட வரிசையையே காட்டும். யாரும் ஒரு மிட்டாயைக்கூடச் சேர்க்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தும் அப்படித்தான் சொல்லும். நீளம் வேறு, எண்ணிக்கை வேறு என்பது திட்டினால் வராது. நோட்டில் எழுதினாலும் வராது. பரப்பியும் கூட்டியும் அடுக்கியும் கலைத்தும் தன் கையால் பலமுறை பார்த்த பின்னரே வரும்.

இந்த உண்மையை நூறு ஆண்டுகளுக்கும் முன்பே கண்டு, வகுப்பறையில் செயல்படுத்திக் காட்டியவர் ஒரு பெண்மணி என்பது நமக்குப் பெருமை. மரியா மாண்டிசோரி 1870-இல் இத்தாலியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில் 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழை மக்கள் பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பள்ளியைத் தொடங்கினார். 1939-இல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போரின் காரணமாக ஊர் திரும்ப இயலாமல் தங்கியபோது கொடைக்கானலிலும் வாழ்ந்தார். 

அவருடைய முறையில் கணக்கு எவ்வாறு தொடங்குகிறது தெரியுமா? முதலில் பத்து மரக்கோல்கள். மிகச் சிறியது 10 சென்டிமீட்டர். மிகப் பெரியது ஒரு மீட்டர். சிவப்பும் நீலமும் மாறி மாறித் தீட்டிய அந்தக் கோல்களைத் தூக்கிச் சுமந்து, வரிசையாக அடுக்கும்போதே ஒன்று சிறியது, பத்து பெரியது என்பது கைக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகே உப்புத்தாளில் வெட்டிய எண் வடிவங்கள். அவற்றையும் எழுதுவதில்லை, விரலால் தடவிப் பழகுவார்கள். அடுத்து ஒரு பெட்டி. அதில் 0 முதல் 9 வரை பத்து அறைகள். கையில் 45 குச்சிகள். ஒன்று என்ற அறையில் ஒரு குச்சி, இரண்டு என்ற அறையில் இரண்டு குச்சி என்று போட்டுக்கொண்டே வந்தால், ஒன்பதாவது அறை நிறையும்போது குச்சிகள் சரியாகத் தீர்ந்துவிடும். எங்காவது தவறு நேர்ந்தால் கடைசியில் குச்சி மிஞ்சும் அல்லது குறையும். ஆசிரியை ‘தப்பு’ என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. குழந்தை தானே திருத்திக்கொள்ளும். பூஜ்யம் என்று எழுதிய அறை காலியாகவே இருக்கும். ‘ஒன்றுமில்லை’ என்பதையும் கண்ணால் பார்க்கச் செய்த அந்த அறிவை என்னென்று புகழ்வது!

பத்து பொன்னிற மணிகளைக் கோத்தால் ஒரு பத்து. அப்படிப் பத்துச் சரங்களைச் சேர்த்தால் ஒரு நூறு. பத்து நூறுகளை அடுக்கினால் ஓர் ஆயிரம் என்று மணிகளைக் கொண்டே அவர் இடமதிப்பைக் கற்பித்தார். இதைப் படித்ததும் நம் கைகளில் இருக்கும் ஜெபமாலைதான் எங்கள் நினைவுக்கு வந்தது. ஒரு மணிக்கு ஒரு மன்றாட்டு, பத்து மணி முடிந்ததும் ஒரு இடைவெளி, மறுபடியும் பத்து. ஐந்து பத்துகளும், தொடக்கத்தில் வரும் மூன்றுமாக 53 மணி. பாட்டியின் மடியில் அமர்ந்து மணியை நகர்த்தும் குழந்தை ஜெபத்தோடு சேர்த்து, ஒரு பொருளுக்கு ஒரு எண் என்ற முதல் விதியையும் பழகிவிடுகிறது. எழுத்தறியாத எத்தனையோ பாட்டிமார் இருட்டிலும் பிசகாமல் பத்து பத்தாக எண்ணியது விரல்களால்தானே!

நம் விளையாட்டுகளும் அப்படியே. பல்லாங்குழியில் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து காய் வைத்து ஆடினால் எழுபது காய்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒன்றாகப் போட்டுச் செல்லும் கை எதையும் விடுவதில்லை. நான்கு காய் சேர்ந்தவுடன் ‘பசு’ என்று எடுக்கும் கண், எண்ணாமலேயே நான்கை அடையாளம் காண்கிறது. அஞ்சாங்கல்லில் ஒரு கல்லை மேலே வீசிவிட்டு மற்ற நான்கையும் முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் சேர்த்து அள்ளுகிறோம். நான்கு என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்ற பாடம் முழுவதும் இதில் அடங்கிவிடவில்லையா? தாயக்கட்டமும் பரமபதமும் பாண்டியும் இத்தகையவையே. 

இது வெறும் பழம்பெருமை அன்று. 2008-இல் அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ராமணி என்னும் ஆய்வாளர்கள், 1 முதல் 10 வரை கட்டங்கள் வரிசையாக உள்ள ஒரு பலகையில் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளை விளையாடச் செய்தனர். இரண்டு வாரங்களில் நான்கே முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் அல்லது சற்றே கூடுதல், அவ்வளவுதான். எண்களை ஒப்பிடுவதிலும் எண்ணுவதிலும் அக்குழந்தைகள் தெளிவாக முன்னேறினர். ஒன்பது வாரங்கள் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறங்கள் தீட்டிய பலகையில் ஆடிய குழந்தைகளிடம் அம்முன்னேற்றம் இல்லை. எண் எழுதிய கட்டங்களில் நகரும் விளையாட்டு என்றால், தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு எண் எழுதிய நம் பாண்டி ஆட்டம் அதுதானே!

இங்கே மொழியைப் பற்றியும் துணிந்து ஒரு சொல் சொல்ல விரும்புகிறோம். ஆங்கில வழிப் பள்ளி என்பதால் மழலையர் வகுப்பில் முதல் நாளிலிருந்தே ‘ஒன், டூ, த்ரீ’ மட்டுமே ஒலிக்கிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் தமிழ் எண்ணுப் பெயர்களைச் சற்றே உற்றுக் கேளுங்கள். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இருபது என்றால் இரண்டு பத்து. முப்பது என்றால் மூன்று பத்து. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. ‘லெவன்’, ‘ட்வெல்வ்’ என்பவற்றில் பத்து எங்கே இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. ‘ஃபோர்டீன்’ என்னும்போது நான்கு முதலில் காதில் விழுவதால் சில குழந்தைகள் 41 என்று எழுதிவிடுகின்றன. ‘பதினான்கு’ என்னும்போது பத்து முன்னும் நான்கு பின்னுமாக, எழுதும் வரிசையிலேயே கேட்கிறது. தமிழிலும் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு ஒளிந்திருந்தாலும் அது நூறைவிடக் குறைவு! ஆயினும் முதல் இருபது எண்களில் தமிழ் தரும் தெளிவை ஆங்கிலம் தரவில்லை. வீட்டு மொழியில் எண்ணிப் புரிந்துகொண்ட பின் ஆங்கிலப் பெயர்களைச் சேர்த்துக்கொண்டால் இரண்டும் நிலைக்கும்.

‘மழலையர் வகுப்புக் கணக்கிற்கு இவ்வளவு பேச்சா?’ என்று சிலர் நினைக்கலாம். பேச வேண்டியதன் காரணம் பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுக்கு நன்றாகவே தெரியும். வினாத்தாளைக் கண்டதும் கை சில்லிடும் தோழியர் எங்களிடையே உண்டு. பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்று பேசும்போது, “கணக்கு இல்லாத குரூப் எது?” என்பதையே முதலில் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கதை எழுதுவார்கள், பேச்சுப் போட்டியில் பரிசு பெறுவார்கள், கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை நொடியில் சொல்வார்கள். ‘கணக்கு’ என்ற பெயரைக் கேட்டால்தான் பயம். இந்தப் பயம் பிறக்கும்போதே வந்ததா? 

2010-இல் அமெரிக்காவில் சியான் பைலாக் என்னும் பெண் அறிஞரும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியைகளுக்குக் கணக்கைக் குறித்துள்ள அச்சத்தையும் மாணவர்களின் திறனையும் அவர்கள் அளந்தனர். ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆண்டு முடிவிலோ, ஆசிரியைக்கு அச்சம் மிகுந்திருந்தால், ‘கணக்கு ஆண்களுக்கே வரும்’ என்று நம்பத் தொடங்கிய சிறுமியர் மிகுந்தனர். அவ்வாறு நம்பிய சிறுமியரின் தேர்ச்சியும் குறைந்திருந்தது. சிறுவர்களின் தேர்ச்சியை அது பாதிக்கவில்லை! பெண்களின் பயம் பெண் குழந்தைகளுக்கே சொத்தாகப் போய்ச் சேருகிறது. “எனக்கும் கணக்கு வராது, என் பெண்ணுக்கும் வரவில்லை” என்று சிரித்துக்கொண்டே சொல்லும் அன்னையர் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். மரியம் மீர்சாக்கானி 2014-இலும், மரினா வியாசோவ்ஸ்கா 2022-இலும் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற உலகில், பெண்ணுக்குக் கணக்கு வராது என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

தொடக்க வயதின் கணக்கு எவ்வளவு தூரம் கூட வருகிறது என்பதற்கும் சான்று உண்டு. கிரெக் டங்கன் என்பவரும் மற்ற அறிஞர்களும் 2007-இல் ஆறு பெரிய ஆய்வுகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். பள்ளியில் சேரும்போது குழந்தைக்கு இருக்கும் கணக்கறிவே அதன் பிற்காலக் கல்வித் தேர்ச்சியை மிக நன்றாக முன்னறிவித்தது. வாசிப்புத் திறன் அதற்கு அடுத்தே வந்தது. ஆகவே சிறு பிள்ளைகளுக்குக் கணக்கே வேண்டாம் என்பது எங்கள் கட்சியன்று. கணக்கு கட்டாயம் வேண்டும். அது நோட்டில் தொடங்காமல் கையில் தொடங்க வேண்டும்.

எதிர்ப்புகள் சில எழும் என்பதை அறிவோம். “பக்கத்து வீட்டுக் குழந்தை நூறு வரை எழுதுகிறதே!” என்பார்கள் பெற்றோர். எழுதட்டும், அந்தக் குழந்தையிடமும் ஏழு புளியங்கொட்டை கேட்டுப் பாருங்கள். “நோட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் பணம் கட்டும் பெற்றோருக்கு எதைக் காட்டுவது?” என்பார்கள் பள்ளி நடத்துவோர். இது நியாயமான கவலையே. ஆனால் நோட்டு பெற்றோருக்காகவும், படிப்பு குழந்தைக்காகவும் என்று இரண்டு தனித்தனியாக இருக்கலாமா? “நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு டீச்சர், மணியும் குச்சியும் கொடுத்தால் வகுப்பு சந்தை ஆகிவிடும்” என்பதே உண்மையான இடர்ப்பாடு. அதற்குத்தான் எங்களைப் போன்ற பெரிய பிள்ளைகள் இருக்கிறோம்.

அரசும் இவ்வழியையே காட்டுகிறது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆடலும் பாடலும் பொருள்களுமாகக் கற்பிக்க வந்தது. அதே ஆண்டில் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டே கல்வியின் வழி என்றது. சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்தலாகாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் விதித்தது. சிறுபான்மையினர் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் உண்மை. எனினும், சட்டம் வற்புறுத்தாவிட்டாலும் குழந்தைக்கு நல்லது எதுவோ அதைச் செய்வதுதானே ‘சிறு குழந்தைகளை என்னிடம் வர விடுங்கள்’ என்றவரின் பெயரால் நடக்கும் பள்ளிகளுக்கு அழகு!

எங்கள் வேண்டுகோள்கள் சிலவே. முதலாவதாக, எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு எண் எழுதும் வீட்டுப்பாடம் அடியோடு வேண்டாம்; யு.கே.ஜி.யில் தாம் எண்ணி அறிந்த எண்களை மட்டும் எழுதட்டும். இரண்டாவதாக, வாரம் ஒரு பாடவேளை பத்தாம் வகுப்பிலிருந்தும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தும் எட்டு மாணவியரை மழலையர் வகுப்புக்கு அனுப்புங்கள். ஐந்து குழந்தைகளுக்கு ஓர் அக்கா இருந்தால் வகுப்பு சந்தை ஆகாது. மூன்றாவதாக, கணக்குப் பொருள்களை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. சோடா மூடிகள், ஐஸ் குச்சிகளைப் பத்து பத்தாகக் கட்டிய கட்டுகள், பழைய அட்டையில் எண் பலகைகள் ஆகியவற்றைக் கைவேலை வகுப்பில் நாங்களே செய்து தருவோம். புளியங்கொட்டையை மூக்கில் திணித்துக்கொள்ளும் வயதுக்காரருக்குப் பெரிய மரமணிகளே ஏற்றவை. நான்காவதாக, பெற்றோர் கூட்டத்தில் நோட்டைக் காட்டுவதற்குப் பதிலாகக் குழந்தை எண்ணுவதைக் காட்டுங்கள்.

பெற்றோரே, உங்களுக்குச் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. சாப்பாட்டு நேரத்தில், “நம் வீட்டில் எத்தனை பேர்? அத்தனை தட்டு எடுத்து வா” என்று சொல்லுங்கள். மாடிப்படி ஏறும்போது படிகளை எண்ணுங்கள். காய்ந்த துணிகளை மடிக்கும்போது காலுறைகளை ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். திருவருகைக் காலத்தில் நான்கு மெழுகுதிரிகளில் எத்தனை ஏற்றியாயிற்று, இன்னும் எத்தனை மீதி என்று கேளுங்கள். அதுதான் கழித்தல் கணக்கு!

நற்செய்தியில் வரும் பெண்ணிடம் பத்து வெள்ளிக்காசுகள் இருந்தன. ஒன்று குறைந்ததும் அவள் விளக்கேற்றி வீடெல்லாம் பெருக்கித் தேடினாள். பத்து என்பது அவளுக்கு வெறும் எழுத்தாக இருந்திருந்தால், ஒன்று தொலைந்ததே அவளுக்குத் தெரிந்திராது. நம் மழலைச் செல்வங்களும் அவ்வாறே எண்களின் பொருளை அறிந்து வளரட்டும். இன்று எல்.கே.ஜி.யில் இருக்கும் சின்னஞ்சிறு தங்கையர் பத்தாம் வகுப்பிற்கு வரும் நாளில், வினாத்தாளைக் கண்டு ஒரு கைகூடச் சில்லிடாமல் இருக்குமாயின், அதைவிட இப்பள்ளிக்குச் சிறந்த புகழ் வேறென்ன வேண்டும்?